ஒருத்திக்கு ஒரு கூடாரம்



சென்ற இதழில் மாரி வரமுன் கூரை பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் கிணறு இறைப்பதைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுத் தங்கச்சி ஒரு பின்னேரம் வந்து வாசற்படியில் குந்தியிருந்து கேட்ட கேள்வி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

"அக்கா, வாற வருசம் நான் கதிர்காமத்துக்கு நடக்கப்போறன். நேர்த்தி ஒண்டு கிடக்கு. நீங்கள் ரண்டு தரம் போனனீங்கள். படுக்கிறதுக்கு என்ன கொண்டு போறது?"

"கோயில் மண்டபத்திலதானே கூடப் படுக்கிறது. பாயும் பெட்சீற்றும் காணும்."

"மண்டபம் இல்லாத இடத்தில?"

"தறப்பாள் ஒண்டு இழுத்துக் கட்டுறதுதான்."

அவளுடைய முகம் மாறியது. "தறப்பாளுக்குக் கீழ நான் படுக்கமாட்டன் அக்கா. அது காத்தில அடிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு நித்திரை வராது. நெஞ்சு அடிக்கும்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலரும் கேட்கமாட்டீர்கள். 2009இல் அவளுக்கு இருபத்தொரு வயது. எத்தனை இடத்தில் தறப்பாள் கட்டி, எத்தனை இடத்தில் அதை விட்டுவிட்டு ஓடியிருப்பாள் என்பது அவளுக்கே எண்ணிக்கை தெரியாது. கடைசியாகக் கட்டியபோது கயிற்றின் மற்றத் தலைப்பைப் பிடித்தவர் இப்போது இல்லை. இன்று அவளுக்குக் கல்வீடு இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வளவில் யாராவது நெல் மூடிய தறப்பாள் காற்றில் படபடத்தால், எழும்பிப் போய் அதன்மேல் கல் வைத்துவிட்டு வருவாள். இதை நானே கண்டிருக்கிறேன்.

"அப்ப ரென்ற் ஒண்டு வாங்கு" என்றேன். "எந்த ரென்ற்?" என்றாள். அதற்குத்தான் இந்த மாதப் பக்கம்.

யாத்திரைப் பாதையைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கரையோரமாகவே இறங்கி, உகந்தை முருகன் கோயிலடியில் காட்டுக்குள் நுழைந்து, குமண, யால காடுகளைக் கடந்து கதிர்காமம் சேர்வது இது. முழுப்பாதையையும் நடப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் எடுக்கும். வற்றாப்பளை அம்மன் பொங்கற் காலத்தில் யாத்திரிகர்கள் எங்கள் ஊர்ப்பக்கத்தால் போவார்கள். நான் போன இரண்டு தடவையும் இங்கிருந்துதான் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

வழியில் கோயில்களும் பாடசாலைகளும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். உகந்தையைத் தாண்டினால்தான் நிலைமை வேறு. அங்கே நாலைந்து இரவு, கும்புக்கன் ஓயா, நாவலடி, வியாழை என்று ஆற்றங்கரையிலும் மரத்தடியிலும் கூட்டமாகப் படுக்க வேண்டும். ஆனி, ஆடியில் பகல் நெருப்பு. எங்கள் பக்கம் சோளகம் வீசும் காலத்தில் கிழக்கில் கச்சான் காற்று. மணலை அள்ளி முகத்தில் எறியும். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் பின்னேரத்தில் இடியோடு ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். குளிரும் பனியும் இல்லை. வெயில், காற்று, திடீர் மழை, நுளம்பு ஆகிய இந்த நான்கும்தான் எங்களுக்குரிய கடும் காலநிலை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கனடாவில் இருக்கும் என் பெறாமகன் முதல் தடவை எனக்கு ஆசையோடு அனுப்பிய கூடாரம் பனிமலைக்குரியது. நல்ல சாமான், விலையும் கூட. மூன்றே முக்கால் கிலோ. பனி உள்ளே வராமல் இருக்கத் துணி நிலம்வரை இறங்கியிருந்தது. வலைச்சன்னல் என்று பெயருக்கு இரண்டு விரல் அகலம். வீட்டு முற்றத்தில் அதற்குள் கால்மணி நேரம் கிடந்து பார்த்தேன். இட்டலிச் சட்டிதான். மெனிக்பாமில் 2009 கோடையில் வெள்ளை ரென்ற்றுகளுக்குள் நண்பகலில் இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அந்தக் கூடாரத்தை இப்போது ஆட்டுக்குட்டிகளுக்கு மாரியில் போடுகிறேன். பெறாமகனுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது நானே கடையில் மலிவாக வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். அது எந்தக் கடையிலும் கிடைக்கும் சாமான்தான். மேலே தொப்பி போல ஒரு சிறு மறைப்பு, அதன் கீழே ஒற்றைத் துணி, வளைப்பதற்கு இரண்டு கண்ணாடிநார்க் கம்புகள். வெருகலுக்குத் தெற்கே ஒரு கரையோர ஊரில் இரவு பத்து மணிக்கு மழை வந்தது. மழை மேலிருந்து வந்தால் தொப்பி காக்கும். காற்றோடு சரிந்து வந்தால் தொப்பி என்ன செய்யும்? ஒரு கம்பு பொருத்தில் பிளந்து, சிலாம்பு சிலாம்பாகக் கையில் ஏறியது. அந்த இரவு முழுதும் கூடாரத்தை நான் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது விடியும்வரை வளையைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே நிலை. அப்போது வீட்டில் ஐந்து பேர் நின்றோம். இப்போது நான் மட்டும்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. தறப்பாள் என்பது ஆட்கள் கூடிக் கட்டும் கூரை. எங்களுக்கு நிவாரணத்தில் தந்த ஐ.நா. அகதிகள் நிறுவனத்துத் தறப்பாள் நான்கு மீற்றருக்கு ஐந்து மீற்றர், நிறை நான்கு கிலோ வரும். ஒரு குடும்பத்துக்குக் கணக்கான அளவு. ஆனால் ஒருவர் கப்பு நட, ஒருவர் வளை பிடிக்க, ஒருவர் இழுக்க, ஒரு பிள்ளை மூலையில் குந்தியிருக்க வேண்டும். தனிய ஒருத்தியால் காற்றில் அதை விரிக்கவே முடியாது; அது அவளைத்தான் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கூடாரம் வாங்கப் போகும்போது நிறையையும் விலையையும் பார்க்கமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இருட்டில், மழையில், ஒருவரும் மற்றத் தலைப்பைப் பிடிக்காமல், என் இரண்டு கையால் இதை எழுப்பலாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால் மற்றவை தானாக வரும்.

கூடாரங்களில் பல வகை இருந்தாலும் எங்களுக்கு இரண்டு போதும். ஒன்று, வளைந்த கம்புகளால் தானாகவே நிற்பது. மற்றது, நடைத்தடியை நட்டுக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்து நிறுத்துவது. இரண்டாவது வகை மிகவும் இலேசு. ஒரு கிலோவுக்குக் குறைவாகவும் உண்டு. மலையேறுபவர்கள் அதைத்தான் புகழ்வார்கள். ஆனால் முளை இறங்காத இடத்தில் அது நிற்காது. எங்கள் யாத்திரையில் பாதி இரவுக்கு மேல் சீமெந்துத் தரையில்தான். தானாக நிற்கும் கூடாரம் என்றால் மேற்துணியை எடுத்துவிட்டு உள்வலையை மட்டும் மண்டபத்தில் நிறுத்தலாம். அது நல்ல நுளம்புவலை. 2025 கார்த்திகையில் டித்வா புயல் மழையில் பாடசாலை மண்டபத்தில் தங்கியிருந்தபோது, என்னுடைய சிறு கூடாரத்தை ஒரு மூலையில் மேற்துணியோடு நிறுத்திவிட்டேன். பால் கொடுக்கிற தாய்மாரும் உடுப்பு மாற்ற வேண்டிய குமர்ப்பிள்ளைகளும் மாறி மாறி அதற்குள் போய் வந்தார்கள். முளையே இல்லாமல் நின்ற கூடாரம். அதற்காகவே நூறு இருநூறு கிராம் கூடச் சுமக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது, துணி இரண்டாக இருக்க வேண்டும். உள்ளே வலை, வெளியே நீர் புகாத மேற்துணி, இடையில் காற்றோட. நாங்கள் தூங்கும்போது மூச்சாலும் வியர்வையாலும் ஓர் இரவில் ஒரு பெரிய குவளை நிறையத் தண்ணீரை வெளியே விடுகிறோம். ஒற்றைத் துணி என்றால் அது கூரையில் படிந்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். மழை ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் அது எங்களுடைய மூச்சுத்தான். மேற்துணி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்பது எங்கள் வெப்பத்துக்கு நல்லது. ஆனால் பக்கத்தை மறைக்காத தொப்பி மட்டும் வேண்டாம். நான் பட்டது போதும்.

மழையில் கூடாரம் எழுப்பும் முறையையும் பார்க்க வேண்டும். சிலவற்றில் உள்வலையை முதலில் நிறுத்தி, பிறகுதான் மேற்துணியைப் போடலாம். அதற்குள் உள்ளே குளம். வெளித்துணியை முதலில் நிறுத்தி, அதன் கீழே நின்று உள்வலையைக் கொளுவக்கூடியதாக அல்லது இரண்டும் சேர்ந்தே எழும்பக்கூடியதாகக் கிடைத்தால் அதை எடுங்கள். கிடைக்காவிட்டால், மேற்துணியை முதலில் போர்த்திவிட்டு அதன்கீழ் ஊர்ந்து கம்பை வளைக்கப் பழகுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். சேலையோடு முடியாது, யாத்திரைக்குச் சுரிதார் எடுத்துப் போங்கள்.

கம்பு அலுமினியமாக இருக்கட்டும். கண்ணாடிநார்க் கம்பு வெயிலில் காய்ந்து பிளக்கும். அலுமினியம் வளையும், வளைந்தாலும் ஒரு சிறு குழாய்த் துண்டை மேலே செருகி இறுக்கி ஒட்டினால் ஊர்வரை வரும்.

துணிப்பையில் ஒரு எண் எழுதியிருப்பார்கள், இத்தனை மில்லிமீற்றர் என்று. மழைவீழ்ச்சிக் கணக்கல்ல அது. துணியின்மேல் நீர்த்தூணை நிறுத்தினால் எவ்வளவு உயரம்வரை கசியாமல் தாங்கும் என்பது. மேற்துணிக்கு 1500 போதும். தரைத்துணிக்கு 3000 ஆவது வேண்டும். ஈர நிலத்தில் எங்கள் முழங்காலும் முழங்கையும் அழுத்தும் இடத்தில்தான் தண்ணீர் ஏறும். அதைவிட முக்கியம் தையல். எவ்வளவு நல்ல துணியானாலும் ஊசி போன ஓட்டையால் மழை வரும். தையலின் உட்பக்கம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தையல் தெரிந்த உங்களுக்கு இதைக் கடைக்காரரை விட நன்றாகத் தெரியும்.

தையல் என்றதும் ஒரு நினைவு. எவரெஸ்ற் சிகரத்தில் முதன்முதல் ஏறிய பெண் யப்பான் நாட்டு யுன்கோ தபேய். 1975ஆம் ஆண்டு அந்தப் பயணத்துக்குப் பணம் போதாமல், அந்தப் பெண்கள் குழுவினர் பழைய கார் இருக்கை உறைகளை வெட்டி நீர் புகாத பைகளும் கையுறைகளும் தாங்களே தைத்தார்களாம். மே 4ஆம் திகதி பனிச்சரிவு வந்து அவர் கூடாரத்தோடு புதைந்துபோனார். ஷேர்பாக்கள் காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து உச்சியில் நின்றார். எங்கள் நாட்டிலிருந்து அந்தச் சிகரத்தை முதலில் தொட்டதும் ஒரு பெண்தான்: 2016 மே 21இல் ஜயந்தி குரு உதும்பால. பெண்களின் உரிமைக்காக வேலை செய்பவர். அரபுப் பாலைவனத்துப் பெதுவின் மக்களிடம் கூடாரத் துணியை ஆட்டுமயிரில் நெய்வதும், அதை எழுப்புவதும், பிரிப்பதும் பெண்களின் வேலை. மழை பட்டதும் அந்த மயிர் ஊதி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கூடாரம் ஆண்களின் சாமான் என்று எங்கள் கடைகளில் மட்டும்தான் நினைக்கிறார்கள், "தம்பிக்கா அக்கா?" என்றுதான் என்னிடமும் கேட்டார்கள்.

துணி நைலோனா, பொலியெஸ்ரரா என்பதை அவள், அந்தத் தங்கச்சி, கேட்டபோது நான் கொஞ்சம் யோசித்தேன். நைலோன் இலேசு, உறுதி. ஆனால் நனைந்தால் நீண்டு தொய்யும். தொய்ந்த துணி காற்றில் அடிக்கும். பொலியெஸ்ரர் நனைந்தாலும் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடத் தாங்கும். அவளுக்குப் பொலியெஸ்ரர்தான் என்று அந்த இடத்தில் முடிவாயிற்று. ஏனென்றால் அவளுடைய பிரச்சினை மழை அல்ல, சத்தம். தறப்பாள் ஏன் படபடக்கிறது? அகலமான துணியை மூலைகளில் மட்டும் கட்டுகிறோம். நடுவெல்லாம் தளர்ந்து கிடக்கிறது. காற்று அதைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நாலு பக்கமும் வயிற்றிலும் இழுகயிறு உள்ள கூடாரத்தை மேளத்தோல் மாதிரி இறுக்கினால் காற்று உரசிக்கொண்டு போகும், அடிக்காது. ஆகவே இழுகயிறு கொளுவ எத்தனை காது தைத்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நாலு மூலைக்கு மட்டும் என்றால் வேண்டாம். எட்டாவது இருக்கட்டும்.

நிறையைப் பற்றி இனித்தான் வருகிறேன். நாள் முழுதும் நடப்பவர் தன் உடல் நிறையில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் சுமக்கக்கூடாது என்பார்கள். நாற்பத்தெட்டுக் கிலோ உள்ளவளுக்கு ஒன்பதரைக் கிலோ. காட்டுக்குள் தண்ணீரே மூன்று நாலு கிலோ. அரிசி, உடுப்பு, மருந்து, பாய் போகக் கூடாரத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோதான் மிஞ்சும். அதற்கும் குறைந்த நிறையில் பட்டுப்போல ஒரு துணி வருகிறது. விலையும் மூன்று மடங்கு. எங்கள் காட்டுச் சூரைமுள்ளும் ஈச்சமுள்ளும் அதைப் பார்த்துச் சிரிக்கும். துண்டில் எழுதியிருக்கும் நிறையை நம்பாதீர்கள். முளை, கயிறு, பை சேர்க்காமல் எழுதுவதும் உண்டு. அரிசிக்கடைத் தராசில் வையுங்கள். அவள் வாங்கியது ஒரு கிலோ எழுநூற்றைம்பது கிராம். தையற்காசு ஐந்து மாதம் சேர்த்து, கொழும்புக்குப் போன உறவுக்காரர் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தாள்.

பெண்ணாக இருப்பதால் பார்க்க வேண்டிய சில உண்டு, இவற்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். உள்ளே நிமிர்ந்து இருந்து உடுப்பு மாற்றக்கூடிய உயரம் வேண்டும்; ஒரு மீற்றர் அளவு. தலைமாட்டில் வாசல் உள்ளதை விடப் பக்கவாட்டில் உள்ளது நல்லது, ஊர்ந்து வெளியே வரத் தேவையில்லை. வாசலுக்கு முன் மேற்துணி ஒரு சிறு திண்ணை போல நீண்டிருந்தால் செருப்பும் பையும் நனையாது; மாதவிலக்கு நாளில் அந்தச் சிறு மறைப்பின் அருமை தெரியும். இரவில் உள்ளே ரோச் போட்டால் கூடாரம் படம் காட்டும் திரையாகிவிடும், வெளியே நிற்பவருக்கு உங்கள் நிழல் முழுதும் தெரியும். வெளிச்சத்தை நிலத்தில், துணிக்குக் கீழே வையுங்கள். சிப்புக்குப் பூட்டுப் போடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றேன். துணியை வெட்டப் பூட்டு என்ன தடை? உள்ளே நெருப்பு, பாம்பு, யானை என்றால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். கழுத்தில் ஒரு விசில் போதும். வாசலை மற்றப் பெண்களின் படுக்கையைப் பார்க்க வைத்து, பக்கத்துக் கூடாரத்துக்குக் கையெட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். காட்டுக்குள் தனியக் கூடாரம் வேண்டும், தனிய இடம் வேண்டாம்.

முளைகளைப் பற்றி ஒன்று. கூடவே வரும் கம்பி முளைகள் எங்கள் செம்மண்ணில் வளையும், கடற்கரை மணலில் உருவிக்கொண்டு வரும். மணலுக்கு வழி உங்களுக்கே தெரியும். கயிற்றை ஒரு தடியின் நடுவில் கட்டி, தடியைக் குறுக்காக ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். அல்லது துணிப்பையில் மணல் நிரப்பிப் புதையுங்கள். வனப்பகுதிக்குள் பொலித்தீன் கொண்டு போகக்கூடாது. கூறைச்சேலையைக்கூட வெட்டிப் பங்கருக்கு மண்மூட்டை தைத்த கைகளுக்கு நான் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

இடம் பார்ப்பதும் அப்படித்தான். ஆற்று மணல் மெத்தையாக இருக்கும், ஆனால் மேலே மழை பெய்தால் ஆறு இரவில் வந்துவிடும். பட்ட கொப்புள்ள பாலை மரத்தின் கீழும், தனித்து நிற்கும் பனையின் கீழும் வேண்டாம். யானை நடக்கும் தடத்தை ஊர்க்காரரிடம் கேட்டு விலகுங்கள். அரிசி, உப்பு, பழம் கூடாரத்துக்குள் வேண்டாம். மெனிக்பாமில் 2009 ஆவணி மழையில் நாங்கள் ஒவ்வொரு ரென்ற்றையும் சுற்றிக் கோப்பையாலும் கையாலும் வாய்க்கால் வெட்டினோம். காட்டில் அப்படி வெட்டத் தேவையில்லை, சற்று மேடான இடம் போதும். ஆனால் கீழே விரிக்கும் விரிப்பு கூடாரத்தைவிட ஒரு விரலாவது குறுகலாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் கூரைத் தண்ணீர் முழுவதையும் ஏந்தி உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். கனபேர் செய்யும் பிழை இது.

வாங்கியவுடன் பையில் போட்டுக் கட்டி வைக்காதீர்கள். முற்றத்தில் நிறுத்தி, தையல்களில் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பிறகு ஓர் இரவு அதற்குள் படுங்கள். அவளுக்கும் இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னேன்.

முதல் நாள் எழுப்ப இருபத்தைந்து நிமிடம் எடுத்தாள். கம்பை மாறிச் செருகினாள், கோபம் வந்தது, விட்டுவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாள். நான் கை கொடுக்கவில்லை. கொடுக்க மனம் துடித்தது. நாலைந்து நாளில் பத்து நிமிடத்துக்கு வந்தது. பிறகு கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு எழுப்பினாள். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் கூடி நின்று கைதட்டினார்கள்.

படுப்பதுதான் நடக்கவில்லை. முதலாம் இரவு பாயோடு உள்ளே போனவள் பதினொரு மணிக்கு வெளியே வந்துவிட்டாள். "என்ன?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றாள். அடுத்த கிழமை மேற்துணியைக் கழற்றிவிட்டு உள்வலையோடு மட்டும் படுக்கச் சொன்னேன். வலைக்கு வெளியே நாலு பக்கமும் தெரியும். தன் வீட்டு விளக்கும், என் வீட்டு விளக்கும், வேலியும், வானமும். அப்படி மூன்று இரவு படுத்தாள். பிறகு மேற்துணியைப் பாதி மட்டும் போட்டு, வாசற்பக்கத்தைச் சுருட்டிக் கட்டினோம். இதைச் செய்யச் சொல்லி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பயம் இருந்தால் அவசரப்படாதீர்கள். முடியாவிட்டால் விடுங்கள், மண்டபங்களில் மட்டும் தங்கிக்கொண்டு உகந்தைவரை நடந்து திரும்பினாலும் அது யாத்திரைதான்.

ஐப்பசி நடுவில் ஓர் இரவு நல்ல மழை. வாடைக்காற்றும் சேர்ந்து அடித்தது. நான் சன்னலால் பார்த்தேன். அவள் முற்றத்தில் கூடாரம் முழுதாகப் போர்த்தியபடி நின்றது. உள்ளே இருக்கிறாளா, வீட்டுக்குள் போய்விட்டாளா தெரியவில்லை. போய்ப் பார்க்கவும் மனமில்லை, படுக்கவும் முடியவில்லை.

விடிய, கேத்தலில் தேத்தண்ணியோடு போனேன். கூடாரத்தின் வாசலில் கால் நீட்டி இருந்தாள்.

"படுத்தனியோ?"

"ஓமக்கா. ஒருக்கா எழும்பினனான். வாடைப் பக்கத்துக் கயிறு தளர்ந்து துணி அடிக்கத் தொடங்கிச்சு. வெளியில வந்து இழுத்துக் கட்டினன். பிறகு சத்தம் இல்லை."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஈரத்தோடு மடித்தால் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துபோகும் என்று நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லிக்கொண்டு, மேற்துணியைக் கழற்றி உதறி, கதியால் வேலியில் முள்ளில்லாத பக்கமாகப் பார்த்து விரித்தாள்.

"வற்றாப்பளையில இருந்து வெளிக்கிடுறது எத்தினையாம் திகதி எண்டு கேட்டுச் சொல்லுங்கோ அக்கா. லீவு எழுதிக் குடுக்கவேணும்."